நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்: படித்து முடித்தவளின் மதிப்பீடு

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த கையோடு எங்கள் தெருவில் யாராவது ஒருவர் என்னைத் தேடி வந்து, "நாலு வருசம் அப்படி என்ன அம்மணி சொல்லித் தர்றாங்க? ஊசி போடவும் மாத்திரை குடுக்கவும் ஆறு மாசம் பத்தாதா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மேற்கு மாவட்டம் ஒன்றிலுள்ள தனியார் செவிலியர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் நான், வாசலில் நின்றபடி அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் எப்போதும் பாதியிலேயே நின்றுபோகிறது. எனவே, மகளையோ மகனையோ இந்தப் படிப்பில் சேர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவற்றை வேறு கல்லூரிகளில் படித்த என் தோழியரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பட்டப்படிப்பு நம் நாட்டுக்குப் புதியதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் டெல்லியிலும் 1946-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட திருத்திய பாடத்திட்டம். ஆண்டுத் தேர்வு முறை போய், எட்டு செமஸ்டர்கள் வந்தன. தமிழ்நாட்டில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல் என்று தொடங்கி, நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல் வழியாக, பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம் ஆகிய செவிலியப் பாடங்களுக்குப் படிப்பு நகர்கிறது. தேர்வெழுத 80 விழுக்காடு வருகை இருந்தால் போதும். ஆனால் பட்டம் பெறுவதற்கு முன் செய்முறைப் பயிற்சிக்கான நேரத்தை முழுவதுமாக முடித்தாக வேண்டும். காய்ச்சலில் விடுப்பு எடுத்த மூன்று நாள்களை நான் கோடை விடுமுறையில் வார்டுக்குப் போய் ஈடுகட்டினேன். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று அந்த விதியை யாரேனும் தளர்த்தினால் நானே எதிர்ப்பேன்.

முதல் செமஸ்டரில் என்னை ஏமாற்றமடையச் செய்ததும், பின்னர் வியக்க வைத்ததும் படுக்கை விரிப்பதுதான். ஏறத்தாழ இரண்டு வாரங்கள், செய்முறைக் கூடத்தில் இருந்த ஆறு கட்டில்களில், விரிப்பின் மூலையைக் கடித உறையைப் போல மடித்து மெத்தைக்கு அடியில் செருகுவதையே திரும்பத் திரும்பச் செய்தோம். இதற்காகவா கட்டணம் கட்டினோம் என்று விடுதியில் புலம்பாதவர்கள் இல்லை. தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒருவரின் இடுப்புக்குக் கீழே விரிப்பில் விழும் ஒரு சுருக்கமும் வியர்வை ஈரமும் சேர்ந்தால் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கும் என்பதையும், அதனால்தான் விரிப்பு இழுத்துக் கட்டியதுபோல் இருக்க வேண்டும், நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பதையும் ஆசிரியை விளக்கியபோதுதான் பாடம் புலப்பட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவருக்கான படுக்கையில் மேல்விரிப்பை ஒரு பக்கமாக மடித்து வைக்கிறோம். ஸ்ட்ரெச்சரிலிருந்து அவரைத் தடையின்றி நகர்த்துவதற்காக. எலும்பு முறிந்தவருக்கு மெத்தைக்கு அடியில் பலகை. இதய நோயால் மூச்சிரைப்பவருக்கு முதுகைத் தாங்கும் சாய்வும், முன்னால் தலையணை வைத்துக் குனிந்து சாய்ந்துகொள்ள ஒரு மேசையும். ஒரு கட்டிலைப் பார்த்தே அதில் படுக்கப்போகிறவரின் நோயை ஓரளவு ஊகிக்க முடியும் என்பதை அந்த இரண்டு வாரங்களில் கற்றேன்.

அடுத்துக் கை கழுவுதல். சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 நொடிகள், கிருமிநாசினித் திரவமாக இருந்தால் 20 முதல் 30 நொடிகள். இதைப் பிறந்ததிலிருந்து செய்கிறோமே என்று நினைத்தோம். கட்டைவிரலையும் நகக்கண்களையும் வகுப்பில் பாதிப்பேர் விட்டுவிட்டோம். பிறகு ஊசி: தசையில் போடும்போது 90 டிகிரி, தோலுக்கு அடியில் 45, தோலுக்குள்ளேயே போடுவதாக இருந்தால் 10 முதல் 15. கோணம் மனப்பாடம் ஆகிவிடும்; மருந்தைக் குப்பியிலிருந்து எடுப்பதற்கு முன்பும், எடுக்கும்போதும், வைப்பதற்கு முன்பும் மூன்று முறை பெயரைப் படித்துப் பார்க்கும் பழக்கம்தான் ஊற வேண்டியது. பயன்படுத்திய ஊசியை வெள்ளைப் பெட்டியிலும், டியூபையும் சிரிஞ்சையும் சிவப்பிலும், ரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சளிலும், கண்ணாடிக் குப்பியை நீலத்திலும் போடும் ஒழுங்கும் அப்போதே வந்துவிட்டது.

கணக்குக்குப் பயந்து உயிரியல் எடுத்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி: கணக்கு இங்கேயும் விடாது. ஒரு லிட்டர் திரவத்தை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், திரவம் இறங்கும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 15 துளிகள் என்றால், ஆயிரத்தைப் பதினைந்தால் பெருக்கி 480 நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு 31 துளிகள் என்று கண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் திருக வேண்டும். இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் பம்ப் எந்திரம் இதைச் செய்துவிடுகிறது. ஆனாலும் எந்திரத்தில் பதிந்த எண்ணை மனத்துக்குள் ஒருமுறை சரிபார்க்காமல் நான் நகர்வதில்லை.

இவையெல்லாம் கைப்பழக்கம். படிப்பின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. அது மூன்றாவது செமஸ்டரில் அரசு மருத்துவமனை மருத்துவ வார்டுக்குப் போனபோது கிடைத்தது. கேர் பிளான் என்று நாங்கள் இரவெல்லாம் எழுதிச் சபித்த ஒன்று உண்டு. நோயாளியை ஆராய்தல், செவிலியருக்குரிய முறையில் பிரச்சினையைக் கண்டறிதல், திட்டமிடுதல், செய்தல், பலன் கிடைத்ததா என்று பார்த்தல் ஆகிய ஐந்து படிகள் அதில் உண்டு. இரண்டாவது படியில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். நிமோனியா என்று எழுதினால் மேடம் சிவப்பு மையால் அடித்துவிடுவார்; அது மருத்துவர் கண்டறிந்தது. சளியை இருமித் துப்ப வலுவில்லாததால் மூச்சுப்பாதை அடைபடுகிறது என்பது செவிலியர் கண்டறிவது. அப்படி எழுதினால்தான் தலைப்பக்கத்தை உயர்த்துவது, வெந்நீர் கொடுப்பது, இருமும் முறையைக் கற்றுக்கொடுப்பது, தேவைப்பட்டால் சளியை உறிஞ்சி எடுப்பது என்று நம் கையில் இருக்கும் வேலைகள் வரிசையாகத் தெரியவரும். மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு மீதமுள்ள இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் அந்த நோயாளிக்கு என்ன நடக்க வேண்டும் என்று யோசிக்கக் கற்றுக்கொடுப்பதே இந்தப் படிப்பு. ஆறு மாதம் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல முயன்று முடிக்காமல் விடும் பதிலும் இதுவே.

முதல் ஊசியை அந்த வார்டில்தான் போட்டேன். கை நடுங்கியதைக் கண்ட ஆத்தா ஒருவர், "மொதத் தடவையா அம்மணி? பரவால்ல, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். செய்முறைக் கூடத்துப் பொம்மை இந்த உதவியைச் செய்யாது.

மற்றப் பயிற்சிகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மனநலப் பிரிவில் நோயாளியோடு பேசியதை, அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது அவர் முகமும் உடலும் இருந்த விதம், நான் ஏன் அப்படிப் பதில் சொன்னேன் என்று வரிக்கு வரி எழுதிக் காட்ட வேண்டும். எனது முதல் உரையாடலைப் படித்த ஆசிரியை, நான் கேட்ட பதினோரு கேள்விகளில் ஒன்பது ஆம், இல்லை என்று முடிந்துவிடுபவை என்று எண்ணிக் காட்டினார். நோயாளி அழத் தொடங்கிய இடத்தில் நான் பேச்சை மாற்றியிருந்ததும் எழுத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. என் பேச்சைப் பற்றி யாரும் அதுவரை எனக்கு இப்படிச் சொன்னதில்லை. இரண்டாவது, சமுதாய நலப் பயிற்சி. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிராமத்து வீடுகளுக்குப் பையோடு போவோம். பையை நேராகத் தரையில் வைக்கக் கூடாது. செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்து, முதலில் சோப்பையும் துண்டையும் எடுத்துக் கை கழுவிய பிறகே மற்றப் பொருள்களைத் தொட வேண்டும். திரும்பும்போது தரையில் பட்ட பக்கம் உள்ளே போகும்படி தாளை மடிக்க வேண்டும். மிக எளிய ஒழுங்கு. ஆனால் ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்லாதிருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

மகப்பேறு பற்றிக் குறையோடுதான் பேச வேண்டியிருக்கிறது. பிரசவ முன்னேற்றத்தை வரைபடத்தில் குறிப்பது, குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் அதன் நிறம், இதயத்துடிப்பு, மூச்சு முதலியவற்றுக்கு மதிப்பெண் இடுவது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க உதவுவது ஆகியவற்றை நன்றாகவே கற்றுத்தந்தார்கள். ஆனால் பிரசவ அறையில் எங்களைப் போலப் பல கல்லூரி மாணவியர் குவிந்ததால், செய்து பார்த்ததைவிட எட்டிப் பார்த்ததே அதிகம். பாடமும் தேர்வும் ஒன்றாகவே இருந்தும், எங்கள் வகுப்பு ஆண் மாணவர்கள் பெரும்பாலான நாள்களில் வெளியே நின்றார்கள்.

கல்லூரியின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம், நோயாளிக்குப் பதிலாகப் பொம்மையை வைத்துப் பழகும் சிமுலேஷன் லேப் பற்றியது. மூச்சுவிடும், நாடி துடிக்கும் விலையுயர்ந்த பொம்மை அங்கே இருந்தது. சேர்க்கைக் கையேட்டின் அட்டையிலும் அது இருந்தது. நான்கு ஆண்டுகளில் அதை நாங்கள் தொட்டது மூன்று முறை. அவற்றில் இரண்டு, ஆய்வுக் குழு வந்த நாள்கள். பழுதானால் செலவு என்று பூட்டியே வைத்திருந்தார்கள். அடுத்தது ரெக்கார்டு என்னும் செய்முறைப் பதிவு நோட்டு. வார்டில் நோயாளியோடு இருக்க வேண்டிய நேரத்தில், மூத்தவர்களின் நோட்டைப் பார்த்துப் படம் வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தோம். செவிலியர் ஆராய்ச்சி என்ற பாடமும் எங்களுக்கு ஏறத்தாழ அப்படியே கழிந்தது. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் ஆண்டு ஆங்கிலப் புத்தகங்கள் மலையாக நின்றன. விடுதியில் சீனியர் அக்காக்கள் இரவில் உட்கார்ந்து தமிழில் விளக்கியிராவிட்டால் என் அறையில் இருந்த இருவர் படிப்பை விட்டுப் போயிருப்பார்கள். அந்த வேலையைக் கல்லூரி செய்திருக்க வேண்டும்.

எட்டாவது செமஸ்டர் முழுவதும் இன்டர்ன்ஷிப்; 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம். என்னை நர்ஸ் ஆக்கியது இதுவே என்றாலும், ஆள் பற்றாக்குறையை எங்களை வைத்துச் சமாளித்ததும் இதே காலத்தில்தான். மேற்பார்வைக்கு ஒருவரும் இல்லாத இரவு டியூட்டியில் ஒரு நோயாளி இறந்தார். உடலைத் தூய்மை செய்து ஒப்படைக்கும் முறையை இரண்டாம் செமஸ்டரிலேயே படித்திருந்தோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியிடம் எந்தச் சொல்லால் தொடங்குவது என்பதை யாரும் செய்து காட்டியதில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் வரும்வரை நான் அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

சேரலாமா என்றால், சேரலாம் என்றே சொல்வேன். ஆனால் கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை மருத்துவமனை வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. படுக்கைகள் இருந்தால் போதாது, அவற்றில் நோயாளிகள் இருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலையில் சொல்லாமல் போய்ப் புறநோயாளிகள் பிரிவில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வார்டில் மாணவியரோடு ஆசிரியை நிற்கிறாரா, அல்லது வருகைப் பதிவு முடிந்ததும் கிளம்பிவிடுகிறாரா என்று அங்கிருக்கும் சிஸ்டர்களிடம் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். சிமுலேஷன் லேபின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்றாம் ஆண்டு மாணவியிடம் தனியாகக் கேளுங்கள்.

பட்டம் கிடைத்தவுடன் வேலைக்குப் போய்விட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் செவிலியராகவும், பிரசவம் பார்க்கும் தாதியாகவும் பதிவு செய்ய வேண்டும். அதற்கான சான்றிதழ்களைக் கல்லூரி அலுவலகம் கையெழுத்திட்டுக் கொடுக்க எங்களுக்குப் பல வாரங்கள் ஆயின. முந்தைய ஆண்டு முடித்தவர்களுக்கு எத்தனை நாளில் கிடைத்தது என்பதையும் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.