20 ஓட்டு, 4 படம்: ஆண்டின் சிறந்த படத்தை எப்படி எண்ணுவது?

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் தொடங்கி ஊர்த் திரைப்படச் சங்கம் வரை எல்லா இடத்திலும் ‘இந்த வருஷத்து டாப் 10’ சூடு பிடித்துவிடும். எந்தப் படம் பெரிது என்று விடிய விடிய வாதம் நடக்கும். ஓட்டை எப்படி எண்ணப் போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலிடம் யாருக்கு என்பது பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஓட்டுப் போடுபவர்கள் 20 பேர், போட்டியில் 4 படங்கள். நிஜப் பெயர்களைப் போட்டால் கவனம் கணக்கை விட்டுப் படத்துக்குத் தாவிவிடும். அதனால் மாஸ் படம், காதல் படம், பேய்ப்படம், கிராமத்துப் படம் என்றே வைத்துக்கொள்வோம். 20 பேரும் 1 முதல் 4 வரை வரிசைப்படுத்திக் கொடுத்த சீட்டுகள் இவை:

7 பேர்: மாஸ், கிராமம், பேய், காதல்
6 பேர்: காதல், கிராமம், பேய், மாஸ்
4 பேர்: பேய், கிராமம், காதல், மாஸ்
3 பேர்: கிராமம், காதல், பேய், மாஸ்

ஆளுக்கு ஒரு ஓட்டு

சட்டமன்றத் தேர்தலில் பழகிய முறை இது. முதல் பெயரை மட்டும் எண்ண வேண்டும். மாஸ் 7, காதல் 6, பேய் 4, கிராமம் 3. மாஸ் படம் ஜெயித்துவிட்டது.

சீட்டுகளை இன்னொரு முறை பாருங்கள். மீதி 13 பேரும் அந்த மாஸ் படத்தைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் ‘நாலில் இதுதான் மோசம்’ என்று சொன்ன படம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறது. எதிர்தரப்பு ஓட்டு மூன்றாகச் சிதறியதுதான் காரணம். இரண்டே படம் போட்டியிட்டால் இந்த முறையில் குறையில்லை. மூன்றாவது படம் வந்த கணமே கைவிட்டுவிடுங்கள். வாட்ஸப் போலில் ஒரு தட்டுத் தட்டினால் முடிந்துவிடுகிறது என்பதால்தான் எல்லாரும் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சௌகரியத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம்.

விருப்ப வரிசை ஓட்டு

ஆஸ்கரின் இறுதி ஓட்டில் சிறந்த படத்துக்கு மட்டும் இந்த முறை. 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான 82-ஆவது விழாவில் போட்டிப் படங்களை 5-லிருந்து 10 ஆக்கியபோது கொண்டுவந்தார்கள். 10 படங்களுக்கு ஒற்றை ஓட்டு வைத்தால் சொற்ப ஓட்டிலேயே ஒன்று ஜெயித்துவிடும் என்பதே சிக்கல். நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் விருப்ப வரிசைதான். 1969-இல் வி.வி. கிரி ஜெயித்தது இரண்டாம் விருப்பங்களை எண்ணிய பிறகு.

எண்ணும் விதம்: முதல் விருப்பத்தில் பாதிக்கு மேல் யாருக்கும் இல்லையென்றால், கடைசிப் படத்தை நீக்கி அதன் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்ற வேண்டும். நம் கணக்கில் 3 ஓட்டு வாங்கிய கிராமம் முதலில் வெளியேறும். அந்த 3 சீட்டும் காதலுக்குப் போகும். காதல் 9, மாஸ் 7, பேய் 4. அடுத்து பேய் வெளியேறும். அந்தச் சீட்டுகளில் இரண்டாவதாக இருந்த கிராமம் ஏற்கெனவே இல்லை, ஆகவே மூன்றாவதான காதலுக்குப் போகும். காதல் 13, மாஸ் 7. காதல் படம் ஜெயித்தது.

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் இதன் சுருக்க வடிவம் இருக்கிறது. அங்கே முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் ஒரே வீச்சில் நீக்கிவிடுவார்கள். 2024-இல்தான் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ண வேண்டி வந்தது. கையால் எண்ணும் குழுவுக்கு இந்த வடிவம் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஒரே பெயரை எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விடுபவர்கள் இருப்பார்கள். அந்தப் படம் வெளியேறியதும் சீட்டு செத்துவிடும். அப்போது ‘பாதிக்கு மேல்’ என்பதை மொத்தச் சீட்டில் பார்ப்பதா, உயிரோடிருக்கும் சீட்டில் பார்ப்பதா என்று சண்டை வரும். உயிரோடிருக்கும் சீட்டில்தான் பார்க்க வேண்டும். அதை ஓட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

புள்ளி போடுவது

1770-களில் பிரெஞ்சுக்காரர் போர்தா முன்வைத்த முறை. 4 படம் என்றால் முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, பிறகு 1, கடைசிக்கு 0. கூட்டிப் பார்த்தால் கிராமம் 43, காதல் 28, பேய் 28, மாஸ் 21. கிராமத்துப் படம் பெரிய இடைவெளியில் முதலிடம். ஒற்றை ஓட்டில் ஜெயித்த மாஸ் படம் இங்கே கடைசி. சீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கிராமம் 3 பேருக்குத்தான் முதல் படம். மீதி 17 பேருக்கும் அது இரண்டாவது. எல்லாரும் ஏறக்குறைய ஒத்துக்கொள்ளும் படத்தைக் கண்டுபிடிப்பதில் புள்ளி முறைக்கு நிகரில்லை.

ஆனால் இதில் தில்லுமுல்லு செய்வது சுலபம். மாஸ் ரசிகர்கள் 7 பேரும் பேசிவைத்துக்கொண்டு கிராமத்தைக் கடைசியில் தள்ளி ‘மாஸ், பேய், காதல், கிராமம்’ என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? கிராமம் 29-க்கு இறங்கிவிடும். காதலும் பேயும் ஆளுக்கு 35. மாஸ் அதே 21-இல் கடைசியில் கிடக்கும். தங்கள் படம் ஓர் அங்குலம் ஏறாமலே நல்ல படம் ஒன்றைக் கவிழ்த்தாயிற்று. இதே தில்லுமுல்லை விருப்ப வரிசையில் செய்தால் பலிக்காது. மாஸ் படம் கடைசிச் சுற்று வரை நிற்பதால் அந்த 7 சீட்டின் கீழ் வரிசைகளை யாருமே புரட்டிப் பார்க்க மாட்டார்கள். ரசிகர் மன்ற மோதல் உள்ள குழுவில் புள்ளி முறையைத் தனியாக நம்பாதீர்கள்.

இன்னொன்று, பார்க்காத படம். ‘டாப் 10 எழுதுங்கள், 10 முதல் 1 வரை புள்ளி’ என்றால் நான்கு தியேட்டரில் மூன்று நாள் ஓடிய படத்துக்குப் பெரும்பாலோரிடமிருந்து 0 விழும். பார்த்துவிட்டுப் பிடிக்காதவரின் 0-வும் பார்க்கவே வாய்ப்பில்லாதவரின் 0-வும் ஒரே எடைதான். சின்னப் படங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் பெரிய அநியாயம் இது.

டிக் அடிப்பது

வரிசை கிடையாது, பிடித்ததை எல்லாம் டிக் செய்தால் போதும். இங்கிலாந்தின் ‘சைட் அண்டு சவுண்டு’ இதழ் 1952 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணிப்பில் ஆளுக்கு 10 படம், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓட்டு. 2012-இல் 846 விமர்சகர்கள் பங்கேற்றார்கள். ‘வெர்டிகோ’ 191 ஓட்டோடு முதலிடம், 157 ஓட்டோடு ‘சிட்டிசன் கேன்’ இரண்டாமிடம். நான்கில் ஒரு பங்கு ஓட்டுகூட இல்லாமல் உலகின் முதல் படம் ஆகிவிடலாம். படங்களின் கடல் அவ்வளவு பெரிது என்பதால் அது குறையில்லை.

ஆனால் டிக் எண்ணிக்கையை மேலே கட்டிப்போடாவிட்டால் ஒருவர் 3 படத்துக்கும் இன்னொருவர் 40 படத்துக்கும் டிக் போட்டுவிட்டுப் போவார். ஆளுக்கு 10 என்று நிறுத்துங்கள். இருநூறு பேருக்கு மேல் ஓட்டுப் போடும் இடத்தில் இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. 20 பேர் குழுவில் போட்டால் ஏழெட்டுப் படம் ஒரே எண்ணில் வந்து நின்று கழுத்தறுக்கும்.

நேருக்கு நேர்

பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்செ 1785-இல் எழுதி வைத்தது. ஒவ்வொரு படத்தையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே மோதவிட வேண்டும். தனியாக ஓட்டெடுப்பு வேண்டாம், வரிசைச் சீட்டே போதும். இரண்டு படத்தில் எது மேலே இருக்கிறது என்று எண்ணினால் முடிந்தது. கிராமம் மாஸை 13–7, காதலை 14–6, பேயை 16–4 என்று வீழ்த்துகிறது. எல்லாரையும் ஜெயித்த படத்தை முதல் படம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? விருப்ப வரிசையின் குறை இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. எல்லாரையும் ஜெயிக்கக்கூடிய படத்தைத்தான் அது முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியது.

பார்க்காத படப் பிரச்சினைக்கும் மருந்து இதில்தான். இரண்டு படத்தையும் பார்த்தவர்களின் சீட்டை மட்டும் அந்த மோதலில் எண்ணுங்கள். பார்க்காதவர் ஒதுங்கிக்கொள்வார், படத்துக்குச் சேதமில்லை. குழுவில் கால்வாசிப் பேராவது பார்த்த படம்தான் போட்டியில் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் பார்த்த படம் 2–0 என்று எல்லாரையும் ஜெயித்துக்கொண்டே போகும்.

குறைகள் உண்டு. 4 படத்துக்கு 6 மோதல், 10 படத்துக்கு 45, 20 படத்துக்கு 190. எக்செல் மாதிரி கணினி ஷீட் இல்லாமல் கையால் முடியாது. அ ஆ-வையும், ஆ இ-யையும், இ அ-வையும் ஜெயித்து வட்டமடிக்கும் நிலையும் வரும். அப்போது மூன்றில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் வந்த வெற்றியை விட்டுவிடுங்கள், வட்டம் அறுந்துவிடும். தில்லுமுல்லு இங்கும் நுழையும். மேலே சொன்ன 7 பேர் சதியில் பேய்ப்படம் மூன்று மோதலிலும் ஜெயித்துவிடும். மாஸுக்கு அப்போதும் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொருவர் சீட்டையும் பெயரோடு குழுவில் பகிரப்போகிறோம் என்று முதலிலேயே சொன்னால் இந்த ஆசை பெருமளவு அடங்கும்.

சீட்டு வாங்கக் கூகுள் ஃபார்மில் கட்டம் வகைக் கேள்வி போடுங்கள். படங்கள் வரிசையில், இடங்கள் நெடுவரிசையில். ஒரு நெடுவரிசைக்கு ஒரே பதில் என்ற கட்டுப்பாட்டைப் போட மறந்தால் ஒரே ஆள் மூன்று படத்துக்கு முதலிடம் கொடுத்து அனுப்பிவிடுவார். வரிசைகளைக் கலைக்கும் வசதியையும் போடுங்கள். மேலே இருக்கும் பெயருக்குக் கை தானாகப் போகும்.

ஸ்டார் சராசரி

எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாரும் தப்பாகப் போடுவது. 3 பேர் பார்த்து 5, 5, 4 கொடுத்த படத்தின் சராசரி 4.67. 18 பேர் பார்த்து மொத்தம் 72 ஸ்டார் வாங்கிய படத்துக்கு 4. அப்படியே எழுதினால் முதல் படம் மேலே. அந்த 3 பேர் இயக்குநரின் நண்பர்களாக இருந்தால் கதை கந்தல்.

இதற்குத் திரைப்பட இணையதளமான ஐஎம்டிபி பாணிக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் குழுவின் பொதுச் சராசரியில் சில கற்பனை ஓட்டுகளைச் சேர்த்துவிட வேண்டும். பொதுச் சராசரி 3.5, கற்பனை ஓட்டு 10 என்று வையுங்கள். முதல் படம்: 14-உம் 35-உம் 49, அதை 13-ஆல் வகுத்தால் 3.77. இரண்டாவது: 72-உம் 35-உம் 107, அதை 28-ஆல் வகுத்தால் 3.82. வரிசை புரண்டுவிட்டது. 20 பேர் குழுவுக்கு 10 கற்பனை ஓட்டு சரியாக இருக்கும். ஐஎம்டிபியின் முதல் 250 பட்டியலில் நுழையவே 25,000 ஓட்டு வேண்டும்.

ஆளுக்கு ஆள் கை தாராளம் வேறு. ஒருவரின் ஆண்டுச் சராசரி 2.8, இன்னொருவருடையது 4.1 என்றால் முதலாமவர் தரும் 4 பெரிய பாராட்டு, இரண்டாமவர் தரும் 4 லேசான அதிருப்தி. ஒவ்வொருவரின் சராசரியையும் கழித்துவிட்டுக் கூட்டுங்கள். அப்போது அது +1.2, இது –0.1.

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பிடித்தது என்று எழுதிய விமர்சகர்களின் பங்குதான் அது. எல்லாருக்கும் ‘பரவாயில்லை’ என்று தோன்றிய படம் 100 வாங்கலாம்.

தனி ஆளின் பட்டியல்

30 படத்தை ஒரே மூச்சில் வரிசைப்படுத்த உட்கார்ந்தால் நவம்பர், டிசம்பர் படங்கள் மேலே வந்துவிடும், பிப்ரவரி படம் மறந்தே போயிருக்கும். பார்த்த வாரமே பட்டியலில் செருகிவிடுங்கள். புதுப் படத்தைப் பட்டியலின் நடுப் படத்தோடு ஒப்பிடுங்கள். மேல் என்றால் மேல்பாதியின் நடு, கீழ் என்றால் கீழ்பாதியின் நடு. 30 படம் வரை ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 கேள்விதான். ‘இரண்டில் எதை இன்றிரவு திரும்பப் பார்ப்பேன்?’ என்று ஒரே கேள்வியை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி மாறினால் வரிசை குழம்பும்.

எந்தத் தேதி, சமமானால் என்ன

எந்தத் தேதியைக் கணக்கில் கொள்வது என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். தேசிய விருதுக்குச் சென்சார் சான்றிதழ் தேதிதான் கணக்கு. அதனால்தான் ‘டு லெட்’ 2017-க்கான சிறந்த தமிழ்ப் படம் விருதை வாங்கிவிட்டு, தியேட்டருக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. பார்வையாளர் குழுவுக்கு, தியேட்டரோ ஓடிடியோ, பொதுமக்கள் முதலில் பார்க்கக் கிடைத்த நாள்தான் சரி. டிசம்பர் கடைசி வாரப் படங்களை எல்லாரும் பார்க்க ஜனவரி 20 வரை ஓட்டைத் திறந்து வையுங்கள்.

20 முதல் 50 பேர் குழுவுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: வரிசைச் சீட்டு வாங்கி நேருக்கு நேர் எண்ணுங்கள், புள்ளிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படம் சமமாக நின்றால் புள்ளியைப் பாருங்கள், அதுவும் சமமானால் அதிகம் பேர் பார்த்த படம். அதிலும் சமம் என்றால் உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், பொறித்துவைத்த வழி இருக்கிறது. இரண்டு பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குங்கள். எழுத்துத் தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.