டாஷ்போர்டு கணக்கை ஷீட்டில் இறக்க: ஏஐ கையால் எழுதுவதா, ஏஐ எழுதிய ஸ்கிரிப்டா?

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு கூடி செவ்வாய் வரை நடக்கும். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் இணையத்தில் விற்கும் என் மாமா, சரக்கு எடுக்க அங்கே கிளம்பும் முன் ஒரு தாள் கேட்பார். போன வாரம் எந்தப் போர்வையை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள், எத்தனை விற்றது என்று அதில் இருக்க வேண்டும். தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் இருக்கும் அந்தக் கணக்கை கூகுள் ஷீட்ஸில் இறக்கித் தருவது என் பொறுப்பு. ஏழெட்டு மாதத்தில் மூன்று வழிகளைப் பார்த்துவிட்டு, இப்போது ஒன்றில் நிலைத்திருக்கிறேன்.

கையால் இறக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிப்போர்ட்டின் மேல் மூலையில் ஷேர் பொத்தானை அழுத்தினால் சிஎஸ்வியாக, அதாவது ஷீட்டில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பாக, இறக்கிக்கொள்ளலாம். மாதம் ஒரு ரிப்போர்ட்தான் என்றால் இதுவே போதும், ஏஐ பக்கமே போக வேண்டாம். எனக்கு வாரம் ஐந்து ரிப்போர்ட். ஒட்டி, தேவையில்லாத வரிகளை நீக்கி, நெடுவரிசைகளைச் சரிசெய்வதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும்.

அதனால்தான் ஏஐ உதவியாளரிடம் போனேன். டாஷ்போர்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்து, "இதை அட்டவணையாக்கு" என்றால் அரை நிமிடத்தில் ஆக்கிவிடும். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஆனால் டாஷ்போர்டின் அட்டைகள் எண்ணைச் சுருக்கித்தான் காட்டுகின்றன. "1.4 கே" என்று இருந்தால் அது 1,360 ஆகவும் இருக்கலாம், 1,440 ஆகவும் இருக்கலாம். படத்தில் இல்லாததை ஏஐ எங்கிருந்து எடுக்கும்? அட்டவணையும் முதலில் பத்து வரிதான் காட்டும். பதினொன்றாவது வரி படத்திலேயே வராது.

சரி, சிஎஸ்வியையே கொடுப்போம் என்று மாறினேன். மூன்று வாரம் நன்றாகப் போனது. நான்காவது வாரம் மாமா தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் மாப்ள, அந்த நீல வெள்ளைக் கட்டத்தை ஒருத்தருமே பார்க்கலீங்களா? போன்ல நாலு பேரு கேட்டாங்களே."

திறந்து பார்த்தேன். சிஎஸ்வியில் 38 வரி, ஷீட்டில் 37. "டபுள் போர்வை நீலம்", "டபுள் போர்வை நீலம் வெள்ளை" என்று அடுத்தடுத்து இருந்த இரண்டு வரிகளை ஏஐ ஒன்றாக்கிவிட்டிருந்தது. நான் கேட்கவும் இல்லை, அது சொல்லவும் இல்லை. மாமா கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் போர்வையை அந்த வாரம் எடுக்காமலே வந்திருப்பார்.

அப்போது மாறியதுதான் மூன்றாவது வழி. எண்களை ஏஐ தொடக் கூடாது. எண்களை எடுத்துவரும் ஸ்கிரிப்டை, அதாவது சிறு நிரலை, மட்டும் அது எழுதித் தரட்டும். ஷீட்டில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறந்து, சர்வீசஸ் பகுதியில் கூகுள் அனலிட்டிக்ஸ் டேட்டா ஏபிஐயை (ஸ்கிரிப்ட் எண்களைக் கேட்டு வாங்கும் வழி) சேர்த்து, ஏஐ கொடுத்த ஸ்கிரிப்டை ஒட்டினேன்.

முதல் தடவையே ஓடவில்லை. ப்ராப்பர்ட்டி ஐடி வெறும் எண்ணாக இருக்க வேண்டிய இடத்தில் "ஜி" என்று தொடங்கும் மெஷர்மென்ட் ஐடியைப் போட்டிருந்தது. அதைத் திருத்தியதும் அடுத்த பிழை: அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் அளவுப் பெயர்களை எழுதியிருந்தது. அந்தப் பழையது 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு புதிய தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது. ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது.

ஆனாலும் நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணமே அந்தச் சாயங்காலம்தான். ஸ்கிரிப்ட் தப்பாக இருந்தால் பெரும்பாலும் ஓடாமல் நின்று, சிவப்பு எழுத்தில் சொல்லிவிடும். ஏஐ கையால் எழுதிய அட்டவணை தப்பாக இருந்தால் சரியானதைப் போலவே தெரியும். ஸ்கிரிப்டை ஒரு முறை சரிபார்த்துவிட்டால் அடுத்த வாரமும் அதே வழியில்தான் எண் வரும். ஏஐயிடம் கொடுத்தால் 38 வரியையும் வாராவாரம் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்க்கிற நேரத்தில் நானே கையால் ஒட்டிவிடுவேன்.

சத்தமில்லாத தப்பு ஸ்கிரிப்டிலும் உண்டு, இரண்டைப் பார்த்துவிட்டேன். டேட்டா ஏபிஐ நாம் எதுவும் சொல்லாவிட்டால் 10,000 வரியோடு நிறுத்திக்கொள்ளும். ஊர், பக்கம், தேதி என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். இன்னொன்று பயனர் எண்ணிக்கை. கோவையில் ஒரு அம்மா திங்கள், புதன், சனி மூன்று நாளும் ஒரே போனில் வந்து பார்க்கிறார் என்றால், வாரக் கணக்கில் அவர் ஒருவர். நாள்வாரியாக எடுத்துக் கூட்டினால் மூவர். ஏஐ எழுதிய முதல் ஸ்கிரிப்ட் அப்படித்தான் கூட்டியது. தேதியைப் பிரிக்காமல் வாரம் முழுவதையும் ஒரே வீச்சாகக் கேள் என்று மாற்றச் சொன்னேன். அப்புறம் மொத்த வரியை டாஷ்போர்டோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போனது.

ஸ்கிரிப்டைத் தானாக ஓடவைக்கும் டிரிகர் திங்கள் காலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஓடுகிறது. ஆனால் எடுப்பது ஞாயிறு முதல் சனி வரையான கணக்கு. அனலிட்டிக்ஸில் கணக்கு முழுதாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகும், நேற்றைய எண்ணை இன்று காலை நம்ப முடியாது. எந்த வழியில் எடுத்தாலும் இது ஒன்றுதான், ஏஐயைக் குறை சொல்லிப் பயனில்லை.

2025-இல் கூகுள் வெளியிட்ட எம்சிபி சர்வர் என்ற இணைப்புக் கருவி வழியாக ஏஐயை நேரே அனலிட்டிக்ஸோடு இணைக்கவும் முடிகிறது. ஒரு மாதம்தான் பயன்படுத்தினேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். "சேலத்தில் ஜமக்காளம் ஏன் குறைந்தது" என்று பேச்சுவாக்கில் கேட்டு அலச நன்றாக இருக்கிறது. ஷீட்டில் எழுதும்போது எண்கள் திரும்பவும் ஏஐயின் கை வழியாகத்தானே போகின்றன என்ற தயக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அனலிட்டிக்ஸ் தரவைச் சேர்த்து வைக்கக்கூடிய கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியை நான் ஆழமாகத் தொட்டதில்லை. ஆனால் இணைத்த நாளிலிருந்துதான் அதில் தரவு சேரும், பழையது வராது. பின்னால் தேவைப்படும் என்று தோன்றினால் இணைப்பை மட்டும் இன்றே போட்டு வையுங்கள்.

ஸ்கிரிப்டில் எனக்கிருந்த ஒரே பயம், நான் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பது என்பது. ஒவ்வொரு பகுதிக்கு மேலும் தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதித் தரும்படி ஏஐயிடம் கேட்டேன், எழுதித் தந்தது. போன மாதம் துண்டு விற்பனையைத் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று மாமா சொன்னபோது, மாமா பொண்ணே அந்த விளக்கத்தைப் படித்து இடத்தைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டாள். எனக்குப் போன் வந்தது மொத்தம் ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லத்தான்.