ஜங்கிள் கார்பைன் என்று சொல்லி 1,150 டாலரைச் சுருட்டிவிட்டான்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஆன்லைன் ஏலத்தில் பழைய ராணுவத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கீழே சொல்கிறேன்.

என் தாத்தா மலாயாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அங்கே அவசரகாலம் வந்தபோது சிப்பாய்கள் கையில் பார்த்த குட்டை ரைபிளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். லீ என்ஃபீல்டு நம்பர் 5, அதாவது ஜங்கிள் கார்பைன். அதில் ஒன்று வாங்க வேண்டும் என்று பல வருட ஆசை.

ஏலத்தில் ஒன்று வந்தது. குழல் முனையில் சுடும்போது வரும் தீயை மறைக்கும் கூம்பு மாதிரி ஃபிளாஷ் ஹைடர், கட்டையின் பின்னால் ரப்பர் பட்டை, இடப்பக்கம் 'நம்பர் 5 மார்க் 1' என்ற எழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. விற்றவனிடம் போனில் தாத்தா கதையைச் சொன்னேன். மறுநாளே, "என் தாத்தாவும் மலாயாவில் இருந்தவர்தான்" என்று அரைக்கால் சட்டை போட்ட ஒரு கிழவர் படத்தை அனுப்பினான்! கதையை எடுத்துக் கொடுத்ததே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. குழலை மூடியிருக்கும் மேல்கட்டையைக் கழற்றி ஒரு படம் கேட்டேன். "எண்பது வருட ஸ்க்ரூ, விஷயம் தெரிந்தவர்கள் தொடமாட்டார்கள்" என்றான். நானும் விஷயம் தெரிந்தவன் ஆயிற்றே! வாயை மூடிக்கொண்டு 1,150 டாலருக்கு மணி ஆர்டர் அனுப்பினேன்.

துப்பாக்கியைக் கைமாற்றித் தரும் உரிமம் பெற்ற டீலர் கடையில் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். ஐந்து நாள் துடைப்பதும் ரசிப்பதுமாகப் போனது. ஆறாம் நாள் கட்டையைக் கழற்றினேன். அசல் நம்பர் 5இல் எடை குறைக்கக் குழலின் அடிப்பகுதியில் இரும்பைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். இதில் குழல் தடியாக, முழுசாக இருந்தது. பக்கத்தில் கனடா லாங் பிராஞ்ச் தொழிற்சாலையின் 'எல்பி' முத்திரை வேறு. நம்பர் 5 செய்ததோ இங்கிலாந்தில், ஃபசாகர்லியிலும் ஷர்லியிலும் மட்டும்தான். யாரோ ஒரு நம்பர் 4ஐ, அதாவது நீளமான சாதாரண லீ என்ஃபீல்டை, அறுத்துக் குட்டையாக்கி எழுத்தையும் கீறியிருக்கிறார்கள்.

விற்றவனைக் கேட்டால், "பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதற்கான மூன்று நாள் கெடு முடிந்துவிட்டது, நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறான். அந்தக் கையெழுத்து துப்பாக்கியைக் கைமாற்றுவதற்கான அரசாங்கப் படிவத்தில் போட்டது. அசலா போலியா என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஏலத் தளமோ, "வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது" என்று மூன்று மின்னஞ்சலுக்கும் அச்சு மாறாமல் ஒரே பதிலைப் போட்டது. டீலர் தோளைக் குலுக்கினார். 1,150 டாலர்!

சரி, கண்டுபிடிக்கும் வழி. கட்டையைக் கழற்றிய படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். வந்த அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். மணி ஆர்டர் வேண்டாம். உங்கள் தாத்தா கதையை முதலில் சொல்லாதீர்கள். வேறு ஏதோ சொல்ல நினைத்தேன், கோபத்தில் மறந்துவிட்டது.

நேற்று அதே தளத்தில் இன்னொரு ஜங்கிள் கார்பைன் வந்திருக்கிறது. அதே அரைக்கால் சட்டைக் கிழவர். இந்த முறை அவர் பர்மாவில் இருந்தாராம்.