பழைய கட்டடத்தில் புதுப்பித்த ஸ்டுடியோ வீடு: வாடகைக்கு எடுக்கலாமா?

நகரத்தின் பழைய பகுதிகளில் நூறு வருஷக் கட்டடங்களை அறை அறையாகப் பிரித்து, ஸ்டுடியோ வீடு என்று வாடகைக்கு விடுகிறார்கள். விளம்பரத்தில் தெரியும் உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் நேரிலும் அப்படியேதான் இருக்கும். மூன்றரை மீட்டர் உயரம் கிடைத்தால் 25 சதுர மீட்டர்கூட அடைசலாகத் தெரியாது. வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பது குளியலறை. முதலில் அங்கே போங்கள்.

கட்டிய காலத்தில் தளத்துக்கு ஒன்றிரண்டு கழிப்பறை இருந்தாலே அதிகம். இப்போது வீட்டுக்கு ஒன்று. கழிவுக்குழாய் கட்டடத்தின் பிரதானக் குழாய்வரை சரிந்து போக வேண்டும். 40-க்கு 1 சரிவு என்றால் 4 மீட்டர் தூரத்துக்கு 10 செ.மீ. இறக்கம். அதற்காகத்தான் குளியலறைத் தரையை ஒரு படி உயர்த்துவார்கள். படி இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிரதானக் குழாய் தூரத்தில் இருந்து, படியும் இல்லை, கீழ்வீட்டுக் கூரையடியிலும் குழாய் போகவில்லை என்றால், ஒன்று சரிவு போதாமல் அடைத்துக்கொண்டே இருக்கும். அல்லது கழிவை அரைத்துத் தள்ளும் பம்ப் பின்னால் ஒளிந்திருக்கும். நடுராத்திரியில் அது மிக்ஸி போல அலறும். ஈரத்தாள் ஒன்று விழுந்தால் நின்றுவிடும். கரன்ட் போனால் கழிப்பறையும் போச்சு.

ஷவரைத் திறந்துவைத்து ஃப்ளஷ் பண்ணிப் பாருங்கள். தரை வடிகாலில் களக் களக் என்று சத்தம் வந்தால் குழாய்க்குக் காற்று போதவில்லை. வடிகால் வளைவில் நிற்கிற தண்ணீரை அது இழுத்துவிடும், அப்புறம் நாற்றம் மேலே வரும். கீசர் அளவையும் பாருங்கள். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரி தண்ணீர், குழாய்த் தண்ணீர் 25 டிகிரி என்றால், 40 டிகிரியில் கலந்து 35 லிட்டர் கிடைக்கும். நிமிஷத்துக்கு 7 லிட்டர் விடும் ஷவரில் ஐந்து நிமிஷக் குளியல்.

அடுத்தது சுவர். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. உள்ளே ஏறும் ஓதம் அதன் வழியாகவே காய்ந்துவிடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சை உப்பவைக்கும். தரைத்தள வீட்டில் முட்டியளவிலிருந்து ஒரு மீட்டர்வரை கையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற சத்தமும், வெள்ளையாகப் பூத்த உப்பும் இருந்தால் புதுப் பெயின்ட் ரொம்ப நாள் தாங்காது. அந்த உயரத்துக்கு மட்டும் புதிதாகப் பலகை அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

மின்சாரத்தில் மெயின் போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். கீசரும் அதே அளவு. இரண்டும் ஒரே 16 ஆம்பியர் லைனில் இருந்தால் சேர்த்துப் போடும்போது லைன் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத வீடு வேண்டவே வேண்டாம்.

பரண்மேல் படுக்கை படத்துக்கு அழகு. சூடான காற்றும் சமையல் புகையும் சேருமிடமும் அதுதான். அடுப்பின் மேலுள்ள புகைபோக்கிக்கு வெளியே போகும் குழாய் இருக்கிறதா பாருங்கள். வடிகட்டி திரும்ப உள்ளேயே ஊதும் வகை, ஈரத்தைத் துளியும் குறைக்காது. தினமும் மூன்று வேளை சமைப்பவர்களுக்கு இந்த மாதிரி வீடு சரிப்படாது.

பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் முகப்பில் ஏசி யூனிட் மாட்டவோ ஜன்னலை மாற்றவோ பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. ஏசி வைக்க இடம் எது, ஓதம் வந்தால் செலவு யாருடையது என்ற இரண்டையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.