கைக்குக் குளிர்ச்சி, சூட்டுக்கு மெழுகு: டைனீமாவா, கெவ்லரா?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு தம்பி விரலைக் காட்டினான். வெல்டிங் முடிந்த சூடு ஆறாத தகட்டைத் தொட்டிருக்கிறான். கிளவுஸ் உருகித் தோலில் ஒட்டிவிட்டது. “அண்ணே, இது பிளேடு வெட்டையே தாங்குமே?” என்றான். தாங்கும்தான். ஆனால் வெட்டு வேறு, சூடு வேறு.

அவன் போட்டிருந்தது டைனீமா என்ற செயற்கை இழையில் செய்த வகை. ஈரச்சந்தையில் மீன் போட்டுத் தரும் பையும் அதுவும் ஒரே குடும்பம், இரண்டுமே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். டைனீமாவில் மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளம். எல்லாம் இழையின் போக்கிலேயே நேராக இழுபட்டுக் கிடக்கும். அதனால்தான் எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலு. ஆனால் ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள பிடிப்பு மிகவும் லேசானது. ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே, 70 டிகிரியைத் தாண்டினாலே, வலு இறங்கத் தொடங்கும்.

கெவ்லரும் செயற்கை இழைதான், ஆனால் வேறு குணம். 1965-இல் டுபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்தது. அதன் விறைப்பான சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்திருக்கும். அது உருகுவதே இல்லை. 400 டிகிரிக்கு மேல் போனால் கருகும். உருகி ஒட்டுவதற்கும் கருகுவதற்கும் உள்ள வித்தியாசம் காயம்பட்ட கைக்குத்தான் தெரியும்.

அப்படியானால் எல்லோருக்கும் கெவ்லரே கொடுத்துவிடலாமா? இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது சரிவராது. டைனீமா தன் இழை வழியே வெப்பத்தை நன்றாகக் கடத்தும். போட்டதும் கை குளிரும். வியர்வையையும் உறிஞ்சாது. கெவ்லர் வியர்வையை உறிஞ்சும், வெயிலில் வலு குறையும், குளோரின் பிளீச்சில் துவைத்தால் பாழாகும். புழுக்கம் தாங்காமல் கழற்றி வைத்த கிளவுஸ் யாரையும் காப்பாற்றாது. அதனால் தகடு, கம்பி தூக்குகிறவர்களுக்கு டைனீமாதான் என் தேர்வு. சூடான வேலைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கெவ்லர். வெல்டருக்குத் தோல் கிளவுஸ்.

வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். இஎன் என்பது ஐரோப்பியத் தரக் குறியீடு. இஎன் 388 வெட்டு, உராய்வு போன்றவற்றுக்கு மட்டும். சூட்டுக்கு இஎன் 407 தனியாக இருக்க வேண்டும். அந்தத் தம்பியின் கிளவுஸில் முதலாவது மட்டும்தான் இருந்தது.

கயிறு என்று வந்தால் நான் தயங்காமல் டைனீமா பக்கம். அடர்த்தி 0.97, தண்ணீரில் மிதக்கும், கெவ்லரின் 1.44 மூழ்கும். இழுவைப் படகில் ஈரக்கயிற்றை இழுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வழுக்கும் இழை என்பதால் முடிச்சை நம்பாமல் ஸ்ப்ளைஸ் போடுங்கள், அதாவது கயிற்றைக் கயிற்றுக்குள்ளேயே கோத்துப் பின்னி இணையுங்கள். பாரத்தோடு கம்பத்தில் உரசி ஓட விடாதீர்கள். அந்த உராய்வுச் சூடே அதை உருக்கிவிடும்.