சிங்கிள் டிஸ்க்கா, ஆட்டோ ஸ்க்ரப்பரா?

தரை தேய்க்கும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் பிரஷ் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். தேய்த்துக் கிளம்பிய அழுக்குத் தண்ணீரை யார் அள்ளுவது? இந்த மெஷின்களின் நூறாண்டு வரலாற்றில் பெரிய மாற்றம் நடந்ததும் அந்த இடத்தில்தான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஹானிபல் ஊரில் வால்டர் ஃபின்னல் என்பவர் தரை தேய்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அவருடைய நிறுவனம் பிறகு இண்டியானா மாநிலத்து எல்கார்ட்டுக்கு மாறியது. மண்டியிட்டுக் கையால் பிரஷ் போட்டவர்கள் நிமிர்ந்து நின்று வேலை செய்ய வழி பிறந்தது. இன்றைய சிங்கிள் டிஸ்க் அந்த வழியில் வந்ததுதான்: வட்டமான ஒரு பிரஷ், மேலே மோட்டார், நீளமான கைப்பிடி. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் வலப்பக்கம் போகும், தாழ்த்தினால் இடப்பக்கம் போகும். பழகாதவர் கையில் சுவரில் போய் முட்டும். பழகியவர் கையில் படிக்கட்டுத் திருப்பம், கழிவறை, தூண் ஓரம் என்று எங்கும் நுழையும். விலை குறைவு, பழுதாக அதிகம் இல்லை. பழைய மெழுகுப் பூச்சை உரித்தெடுக்க இன்றும் இதைத்தான் நம்புவேன்.

ஆனால் அது தேய்ப்பதோடு நின்றுவிடும். தண்ணீர் தரையிலேயே கிடக்கும். பின்னாலேயே ஒருவர் வைப்பரும் மாப்புமாக வர வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உறிஞ்சும் வேக்குவத்தோடு வர வேண்டும். மாப் வாளியில் தண்ணீர் மாற்றாவிட்டால், தேய்த்தெடுத்த அழுக்கையே மெல்லியதாகத் திரும்பப் பூசுகிறோம். தரை காய்வதற்குள் யாராவது நடந்தால் வழுக்கும். மருத்துவமனை வராந்தாவில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கவும் அதே ஃபின்னல் நிறுவனம் முனைந்தது. சோப்புத் தண்ணீர் விடுவது, தேய்ப்பது, உறிஞ்சுவது என்று எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் மெஷினை 1950களில் விளம்பரம் செய்து விற்றது. இன்றைய ஆட்டோ ஸ்க்ரப்பரும் அதே அமைப்புதான். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு இன்னொன்று, பின்னால் தண்ணீரை வழித்துச் சேர்க்கும் வளைந்த ஸ்க்வீஜி, அதற்குள் காற்றை இழுக்கும் மோட்டார். ஸ்க்வீஜியில் இரண்டு ரப்பர் பட்டைகள் இருக்கும். முன்பட்டையின் வெட்டுகள் வழியே தண்ணீர் உள்ளே வரும், பின்பட்டை அதைத் தடுத்து நிறுத்தும். என்னைக் கேட்டால் இந்த மெஷினின் உயிரே அந்த ரப்பர்தான்.

நான் மேற்பார்வை பார்த்த ஒரு கட்டடத்தில் புது மெஷின் போன வழியெல்லாம் ஈரக்கோடு விழுந்தது. எல்லோரும் மெஷினைக் குறை சொன்னோம். கழற்றிப் பார்த்தால் ரப்பரின் அடியில் முடியும் நூலுமாகச் சிக்கிக் கிடந்தது. துடைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. தேய்ந்த பட்டையையும் உடனே தூக்கிப் போட வேண்டாம், திருப்பிப் போட்டு அடுத்த விளிம்பைப் பயன்படுத்தலாம்.

ஆட்டோ ஸ்க்ரப்பர் மூலைகளுக்குள் போகாது, படியேறாது. பேட்டரியைக் கவனிக்காத இடத்தில் பாதி வராந்தாவிலேயே நின்றுவிடும். வாங்கும்போது உருளை பிரஷ்ஷா, வட்ட பிரஷ்ஷா என்றும் கேட்பார்கள். டைல்ஸ் இடுக்கு நிறைய உள்ள தரைக்கு உருளை நல்லது, சின்னக் குப்பையையும் தட்டில் வாரிக்கொள்ளும். வழவழப்பான தரைக்கு வட்டமே போதும்.

அப்புறம் ரோபோ. அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள பிரெய்ன் கார்ப் நிறுவனத்தின் மென்பொருளில் ஓடும் ஸ்க்ரப்பர்களை, வால்மார்ட் கடை நிறுவனம் 2018இல் 360 கடைகளுக்கு என்று தொடங்கி, 2019இல் இன்னும் 1,500 மெஷின்கள் சேர்ப்பதாக அறிவித்தது. ஒருவர் ஒருமுறை ஓட்டிக் காட்டிய வழியை அது மறுபடி தானே ஓட்டும். பரந்த கடைத் தளத்துக்குப் பொருந்தும். இருந்தாலும் தொட்டி நிரப்பவும், அழுக்கைக் கொட்டவும், ரப்பரைத் துடைக்கவும் ஆள் வேண்டும். நடுத்தரக் கட்டடத்துக்கு இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

நீளமான வராந்தாவும் நாள் முழுக்க ஆள் நடமாட்டமும் இருந்தால் ஆட்டோ ஸ்க்ரப்பரையே எடுங்கள். மூலைகளுக்கு ஒரு சிங்கிள் டிஸ்க் கூட இருக்கட்டும். டெமோ காட்ட வருபவரிடம் நேராக ஓட்டியது போதும், முனையில் திருப்பிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். தண்ணீர் ஒழுகுவதாக இருந்தால் அந்தத் திருப்பத்தில் தெரிந்துவிடும்.