கிளாக்கோமாவுக்கு ‘நரம்பு மாத்திரை’ வாங்கும் முன் இதைப் படியுங்கள்

அப்பாவுக்குக் கிளாக்கோமா, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பை அழிக்கும் நோய். அவருடைய மூன்று மாத ஓய்வூதியம் போய்விட்டது. ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். பிடுங்கியது மாத்திரை விற்கும் ஓர் இணையதளம். இதே பேச்சோடு விற்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

“பார்வை நரம்புக்கு ஊட்டம்” என்று விளம்பரம். தொலைபேசியில் பேசிய பெண் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. கண் அழுத்தம் எவ்வளவு, என்ன சொட்டு மருந்து, பார்வைப் புலப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, “நரம்பு சாகவில்லை அப்பா, சோர்ந்து கிடக்கிறது. எழுப்பிவிடலாம்” என்றார். மருத்துவர் யாரும் சொல்லாத சொல். அந்த ஒரு சொல்லில் அப்பா நம்பிவிட்டார். மூன்று மாத ஓய்வூதியத்தையும் அன்றே அனுப்பினார்.

அப்பட்டமான பொய். கிளாக்கோமாவில் செத்த நரம்பிழை மீண்டும் முளைப்பதில்லை. பார்வை இழப்பைத் தடுத்து நிறுத்த நிரூபணமான வழி கண் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே: சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை. நரம்புக்கு உதவுமா என்று சிட்டிகோலின் என்ற பொருளையும், வைட்டமின் பி3 வகையான நிக்கோட்டினமைடையும் ஆய்வாளர்கள் சோதித்து வருவது உண்மை. ஆனால் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். இந்தப் புட்டியிலோ “தனிக் கலவை” என்று மட்டும் இருக்கிறது. எது எத்தனை மில்லிகிராம் என்ற விவரமே இல்லை.

அதைவிடக் கொடுமை, “இனிச் சொட்டு மருந்தைக் குறைக்கலாம்” என்று சொன்னது. அப்பா அடியோடு நிறுத்திவிட்டார். மி.மீ. பாதரசக் கணக்கில் வழக்கமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் 29க்கு ஏறியிருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. இந்த நோய் பெரும்பாலும் சத்தமில்லாமல் பார்வையின் ஓரத்தைத்தான் முதலில் தின்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “உடல்வாகைப் பொறுத்தது” என்றார்கள். இன்னும் சில புட்டிகள் வாங்கினால்தான் பலன் தெரியுமாம். பிறகு, “திறந்த புட்டியைத் திரும்ப வாங்குவதில்லை.” கடைசியாக வேறொருவர்: “நாங்கள் மருந்து விற்கவில்லை சார், உணவுப்பொருள்தான்.” நரம்பை எழுப்புகிறோம் என்றவர்கள் இவர்கள்தான்! இப்போது அழைப்பையே எடுப்பதில்லை. மூன்று மாத ஓய்வூதியம், ஒரு முதியவரின் மருந்துச் செலவு.

விரிவாக எழுத நினைத்தேன். ஆனால் அப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், அதனால் சுருக்கமாக: சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். எந்த மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டாமல் விழுங்காதீர்கள். ஜின்கோ என்ற மூலிகை கலந்திருந்தால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் உண்டு. நிக்கோட்டினமைடு அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கலாம். ரசீது, குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள், புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.